தங்கவயல் பெண்களும் ஓடட்டும்

2021ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் தேதி டோக்கியோ ஒலிம்பிக் அரங்கில் இந்தியாவுக்காக நால்வர் ஓடினார்கள். முதலில் ஓடியவர் கேரளத்தின் முகமது அனஸ். அவர் தடியைக் கொடுத்தது மதுரை ரேவதி வீரமணியிடம். ரேவதி கொடுத்தது திருச்சி சுபா வெங்கடேசனிடம். சுபா கொடுத்தது லால்குடிப் பக்கத்து ராணுவ வீரர் ஆரோக்கிய ராஜீவிடம். இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள். நால்வரில் மூவர் தமிழர்கள். ஆணும் பெண்ணும் ஒரே அணியாக ஓடும் 4×400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டம் ஒலிம்பிக்கில் இடம் பெற்றது அதுவே முதல் தடவை. இந்திய அணி 3 நிமிடம் 19.93 வினாடியில் ஓடி முடித்தது. தன் பிரிவில் எட்டாவது இடம், அதாவது கடைசி.

கடைசியாக வந்தவர்களைப் பற்றித் தலையங்கம் எதற்கு என்று கேட்கலாம். அதே சுபா, 2023 அக்டோபரில் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் மீண்டும் ஓடினார். அந்த அணியில் முகமது அஜ்மல், கோவை வித்யா ராம்ராஜ், ராஜேஷ் ரமேஷ், சுபா. மறுபடியும் நால்வரில் மூவர் தமிழர்கள். 3 நிமிடம் 14.34 வினாடி, வெள்ளிப் பதக்கம். அதற்குச் சில மாதம் முன்பு பாங்காக்கில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் தங்கம். 2024 மே மாதம் அதே பாங்காக்கில் ஆசியத் தொடர் ஓட்டப் போட்டியில் 3 நிமிடம் 14.12 வினாடியில் மறுபடி தங்கம். 2025இல் தென் கொரியாவின் கூமி நகரில் நடந்த ஆசியப் போட்டியில் மற்றொரு தங்கம். இந்த நான்கு போட்டிகளிலும் அணி மாறிக்கொண்டே வந்தது. கடைசிச் சுற்று ஓடி எல்லைக் கோட்டைத் தாண்டியவர் மட்டும் மாறவில்லை. அவர் திருச்சிப் பெண் சுபா.

இந்தச் செய்தி கோலார் தங்கவயலில் படிக்கப்பட வேண்டிய செய்தி. காரணம் இருக்கிறது.

டோக்கியோவில் இந்தியா தொடர் ஓட்டம் ஓடியது 2021இல்தான் முதல் தடவை என்று எண்ண வேண்டாம். 1964ஆம் ஆண்டு அதே நகரில் ஒலிம்பிக் நடந்தபோது ஆண்களுக்கான 4×100 மீட்டர் ஓட்டத்தில் இந்திய அணி அரையிறுதி வரை போயிற்று. மக்கன் சிங், அந்தோணி கூட்டின்ஹோ, ராஜசேகரன் ஆகியோருடன் அந்த அணியில் ஓடிய நான்காமவர் கென்னத் பவல். அவர் பிறந்த ஊர் கோலார் தங்கவயல். ஆங்கிலோ இந்தியக் குடும்பம். இளைஞராகப் பெங்களூருக்கு வந்து ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலையில் வேலையில் சேர்ந்து, ஓடி ஓடி நாட்டின் முன்னணி ஓட்டக்காரரானார். 1965இல் அர்ஜுனா விருது பெற்றார். 2022 டிசம்பரில் பெங்களூரில் காலமானார். தங்கவயலின் இளைய தலைமுறையில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? சினிமாவில் 'கே.ஜி.எப்.' என்று வந்தபோது ஊர் முழுக்கக் கொண்டாடியது. ஒலிம்பிக்கில் ஓடிய சொந்த ஊர்க்காரரின் பெயரில் ஆண்டுக்கு ஒரு பந்தயமாவது இங்கே நடக்கக் கூடாதா?

1964 டோக்கியோவில் இன்னொன்றும் நடந்தது. பெண்களுக்கு 400 மீட்டர் ஓட்டம் என்பது ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டதே அந்த ஆண்டில்தான். அதில் இந்தியாவின் ஸ்டெபி டிசோசா ஓடினார். அதற்கு முன்னால் கதை வேறு. 1928இல் ஆம்ஸ்டர்டாமில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். ஓட்டம் முடிந்ததும் சிலர் களைத்துத் தரையில் உட்கார்ந்தார்களாம், படுத்தார்களாம். 800 மீட்டர் ஓடி முடித்த ஆணும் அப்படித்தான் தரையில் சாய்வான். ஆனால், பெண் உடம்பு இதைத் தாங்காது என்று பெரிய மனிதர்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். 1960 வரை, 32 ஆண்டுகள், ஒலிம்பிக்கில் பெண்கள் 200 மீட்டருக்கு மேல் ஓட வழியில்லாமல் போயிற்று. பெண்களுக்கான 4×400 தொடர் ஓட்டம் 1972 மியூனிக்கில்தான் வந்தது. பெண் ஆணோடு ஒரே அணியில் ஓடலாம் என்று ஒப்புக்கொள்ள 2021 வரை ஆயிற்று.

இந்தக் கலப்பு ஓட்டத்தை வேடிக்கை என்று சிலர் சொல்வதுண்டு. ஆரம்பத்தில் அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. யார் எந்தச் சுற்று ஓடுவது என்பதை அந்தந்த அணியே முடிவு செய்துகொள்ள விட்டிருந்தார்கள். 2019இல் கத்தார் நாட்டு தோகாவில் நடந்த உலகப் போட்டியில் போலந்து அணி இரண்டு ஆண்களையும் முன்னால் ஓடவிட்டு, இரண்டு பெண்களைப் பின்னால் நிறுத்தியது. போலந்து வெகு தூரம் முன்னால் போயிற்று. பிறகு மற்ற அணிகளின் ஆண்கள் துரத்தி வந்து அந்தப் பெண்களைத் தாண்டிப் போனார்கள். பார்த்தவர்களுக்குச் சிரிப்பு. ஓடிய பெண்ணுக்கு? 2022 முதல் இந்தக் குழப்பம் தீர்ந்தது. ஆண், பெண், ஆண், பெண் என்று வரிசை வகுத்துவிட்டார்கள். இப்போது ஆணோடு ஆண், பெண்ணோடு பெண் மோதுகிறார்கள். முடிவைத் தீர்மானிக்கும் கடைசிச் சுற்று பெண்ணின் கையில் இருக்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நெதர்லாந்து நாட்டு பெம்கே போல் நான்காவது இடத்தில் தடியை வாங்கி, 47.93 வினாடியில் அந்தச் சுற்றை ஓடி, அமெரிக்காவையும் முந்தித் தங்கத்தை எடுத்துப் போனார். வேடிக்கை என்று சொன்னவர்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

இந்தியாவின் கணக்கும் இங்கேதான் இருக்கிறது. இந்திய ஆண்களில் 400 மீட்டரை மிக விரைவாக ஓடியவர் தமிழகத்தின் விஷால்; 2025 ஆகஸ்டில் சென்னையில் 45.12 வினாடி. பாரிஸில் தங்கம் வென்ற அமெரிக்கரின் நேரம் 43.40. வித்தியாசம் 1.72 வினாடி. இந்தியப் பெண்களில் அஸ்ஸாமின் ஹிமா தாஸ் 2018இல் ஓடிய 50.79 வினாடிதான் தேசிய சாதனை. பாரிஸில் தங்கம் வென்ற டொமினிகன் நாட்டுப் பெண் மரிலெய்டி பவுலினோவின் நேரம் 48.17. வித்தியாசம் 2.62 வினாடி. அணியில் இரண்டு ஆண், இரண்டு பெண். ஆண்கள் பக்கத்தில் மூன்றரை வினாடிக் குறை. பெண்கள் பக்கத்தில் ஐந்து வினாடிக்கு மேல். கலப்பு ஓட்டத்தின் உலக சாதனை 3 நிமிடம் 7.41 வினாடி. அதை எட்ட வேண்டுமானால் எந்தப் பக்கத்தில் கூடுதலாகக் கவனம் செலுத்த வேண்டும் என்பதற்குப் பெரிய நிபுணர் வேண்டாம். சம்பளப் பட்டியல் எழுதும் குமாஸ்தாவே சொல்லிவிடுவார்.

பெண்கள் பலவீனமானவர்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஆசிய விளையாட்டில் பெண்களுக்கான 4×400 ஓட்டத்தில் 2002 முதல் 2018 வரை தொடர்ந்து ஐந்து தடவை தங்கம் வாங்கியது இந்தியா. ஆண்கள் அணி அப்படி எதையும் செய்ததில்லை. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் இறுதிப் போட்டி வரை போனதும் பி.டி.உஷா, ஷைனி, வல்சம்மா, வந்தனா ராவ் ஆகியோர் ஓடிய பெண்கள் அணிதான். ஓடக் கிடைத்த பெண்கள் நன்றாகவே ஓடியிருக்கிறார்கள். ஓடக் கிடைத்தவர்களின் எண்ணிக்கைதான் குறைவு. பத்துப் பெண்களில் ஒருத்தியைப் பொறுக்குவதற்கும் பதினாயிரம் பெண்களில் ஒருத்தியைப் பொறுக்குவதற்கும் வித்தியாசம் இல்லையா?

கேரளம் இதை வெகு காலம் முன்பே புரிந்துகொண்டது. 2019 தோகா உலகப் போட்டியில் இறுதிக்குப் போய், டோக்கியோ ஒலிம்பிக்குக்கு இந்தியாவுக்கு இடம் வாங்கித் தந்த கலப்பு அணியில் அனஸ், விஸ்மயா, ஜிஸ்னா மேத்யூ, நோவா நிர்மல் டாம் ஆகிய நால்வரும் மலையாளிகள். பள்ளிக்கூடத்திலேயே பெண் பிள்ளையை ஓடவிட்ட பலன் அது. தமிழகம் இப்போது அந்த வழியில் நடக்கத் தொடங்கியிருக்கிறது. கர்நாடகமும் வெறும் கையோடு இல்லை. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் முதல் கலப்பு ஓட்டம் நடந்தபோது அனஸ், ஹிமா தாஸ், ஆரோக்கிய ராஜீவ் ஆகியோருடன் ஓடியவர் கர்நாடகத்தின் பூவம்மா. 2021 நைரோபியில் இளையோர் உலகப் போட்டியில் வெண்கலமும், 2022இல் கொலம்பியாவின் காலி நகரில் வெள்ளியும் வாங்கிய அணிகளில் கர்நாடகத்தின் பிரியா மோகன் இருந்தார்.

ஜகார்த்தா அணிக்கு நேர்ந்ததைச் சொல்லாமல் விட முடியவில்லை. அன்று பஹ்ரைன் முதலிடம், இந்தியா இரண்டாமிடம். பஹ்ரைன் பெண் ஒருவர் ஹிமா தாஸின் வழியை மறித்துவிட்டார் என்று இந்தியா முறையிட்டது, எடுபடவில்லை. பிறகு அதே பெண் ஊக்கமருந்தில் பிடிபட்டு, 2020இல் தங்கம் இந்தியாவுக்கு மாறியது. தேசிய கீதம் ஒலிக்க மேடையில் நிற்க வேண்டிய நால்வருக்கு, இரண்டு ஆண்டு கழித்துத் தங்கம் செய்தியாக வந்து சேர்ந்தது. இந்திய ஓட்டக்காரர்களிலும் ஊக்கமருந்துத் தடைக்கு ஆளானவர்கள் உண்டு. அதை மறைத்துவிட்டு அயல்நாட்டாரை மட்டும் ஏசுவது நியாயமாகாது. ஓட வரும் பிள்ளைக்கு, யார் எந்த மாத்திரை கொடுத்தாலும் கேள்வி கேட்டு வாங்கு என்று முதல் நாளே சொல்லித்தர வேண்டும்.

டோக்கியோவில் ஓடிய ரேவதியின் வரலாற்றைத் தங்கவயல் தாய்மார்கள் தெரிந்துகொள்வது நல்லது. மதுரை மாவட்டம் சக்கிமங்கலம். சிறு வயதிலேயே தாயும் தந்தையும் இறந்துவிட்டார்கள். தாய்வழிப் பாட்டி கூலி வேலை செய்து அவரையும் தங்கையையும் வளர்த்தார். பெண் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பு என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். பாட்டி கேட்கவில்லை, படிக்க வைத்தார். ஓடுவதைப் பார்த்துப் பயிற்சியாளர் ஒருவர் கூப்பிட்டபோது பாட்டி முதலில் தயங்கினார், பிறகு சம்மதித்தார். காலணி வாங்க வழியில்லாமல் வெறுங்காலோடு போட்டிகளில் ஓடிய பெண், ஒலிம்பிக் ஓடுபாதைக்குப் போனார். ரயில்வேயில் வேலையும் கிடைத்தது. வித்யா ராம்ராஜ் வண்டி ஓட்டிப் பிழைத்த தந்தையின் மகள். இரட்டைப் பிறவியான சகோதரி நித்யாவும் ஓட்டக்காரி. ஹாங்சோவில் வித்யா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் ஓடிய 55.42 வினாடி, பி.டி.உஷா 1984இல் ஏற்படுத்திய தேசிய சாதனைக்குச் சமம். அந்த ஒரே ஆசிய விளையாட்டில் மூன்று பதக்கங்களோடு ஊர் திரும்பினார். அவருக்கும் ரயில்வேயில் வேலை. அதே அணியின் ராஜேஷ் ரமேஷ் ரயிலில் டிக்கெட் பரிசோதகர்.

வேலை என்றதும் தங்கவயலில் எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். பார்க்கத்தான் வேண்டும். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. அதற்குப் பிறகு மாரிக்குப்பத்தில் புறப்படும் ரயில்தான் ஊரின் உயிர். இருட்டோடு எழுந்து பெங்களூருக்குப் போய், இருட்டிய பிறகு திரும்பும் ஆயிரக்கணக்கானவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று ஒரு நாள் பிளாட்பாரத்தில் நின்று எண்ணிப் பார்க்கட்டும். சோற்று டப்பாவும் கையுமாக, புறப்படப் போகும் வண்டியைப் பிடிக்க அவர்கள் ஓடும் ஓட்டத்துக்கு மட்டும் யாரும் தடை சொல்வதில்லை.

சுரங்கம் இருந்த காலத்தில் நிலத்துக்கு அடியில் பெண் இறங்கக் கூடாது என்று சட்டமே இருந்தது. 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் அப்படிச் சொல்லிற்று. 2019இல்தான் நாட்டில் அது தளர்த்தப்பட்டது. அப்போது தங்கவயலில் இறங்கச் சுரங்கமே இல்லை. கீழே இறங்கியவன் ஆண். மேலே, லைன் வீட்டில், தண்ணீர் பிடித்து, பிள்ளை வளர்த்து, கணவன் ஷிப்ட் முடிந்து வரும் வரை மனம் பதைத்துக் காத்திருந்தவள் பெண். பாறை வெடிப்பு நேர்ந்த நாட்களில் அந்தக் காத்திருப்பு என்னவாக இருந்தது என்பதை மூத்தவர்கள் இன்னும் சொல்வார்கள். அந்தப் பெண்களின் பேத்திகள்தான் இன்று சாம்பியன் ரீப்பிலும் உரிகத்திலும் கோரமண்டலிலும் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

அவர்களுக்கு ஊர் என்ன விளையாட்டு வைத்திருக்கிறது? பொங்கல் விழாவும் மே தினமும் அம்பேத்கர் ஜெயந்தியும் வந்தால் மன்றங்களும் சங்கங்களும் போட்டி நடத்துகின்றன. நோட்டீசைப் பார்த்தால் தெரியும். பையன்களுக்கு ஓட்டப் பந்தயம், சைக்கிள் பந்தயம், கபடி, கால்பந்து. பெண்களுக்குக் கோலப் போட்டி, கரண்டியில் எலுமிச்சம்பழம், இசை நாற்காலி. கோலம் நல்ல கலைதான். யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் பதினான்கு வயதுப் பெண் வாயில் கரண்டியைக் கவ்விக்கொண்டு, பழம் விழாமல் மெதுவாக நடந்தால் பரிசு என்று வைத்தால், அவளுக்குச் சொல்லித்தரப்படுவது என்ன? பக்கத்து மைதானத்தில் அவள் தம்பி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறான்.

பெற்றோர் சொல்லும் காரணங்களும் தெரிந்தவையே. வயதுக்கு வந்த பெண் அரைக்கால் சட்டையோடு ஓடினால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? வெயிலில் கறுத்துப் போனால் யார் கட்டுவார்கள்? வெளியூர்ப் போட்டிக்கு யார் துணைக்குப் போவது? முதல் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. ஆரோக்கியமான பெண்ணை வேண்டாம் என்று சொல்லும் மாப்பிள்ளை வராமலே போகட்டும். மூன்றாவது கேள்வி நியாயமானது. அதைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. பயிற்சிக்கு வரும் பெண்ணுக்கு உடை மாற்ற ஒரு அறை, கதவுள்ள கழிப்பறை, வெளியூர் போகும்போது பெண் ஆசிரியை துணை, தொட்டுப் பேசும் பயிற்சியாளன் மீது உடனே நடவடிக்கை எடுக்கும் தைரியம் ஆகிய இத்தனையும் இருந்தால்தான் தாய் மனம் துணிவாள். இவற்றைச் செய்துகொடுக்காமல் "பெண்கள் வருவதில்லை" என்று அறிக்கை எழுதும் அதிகாரியை யார் நம்புவது?

இங்குள்ள தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. ரேவதியும் சுபாவும் தமிழர் என்று மார்தட்டிக்கொள்வது எளிது. தங்கவயலில் பிறக்கும் தமிழ்ப் பெண் ஓடினால் அவள் மாவட்ட அணிக்காக ஓடுவாள். வென்றால் கர்நாடகத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு தேசியப் போட்டிக்குப் போவாள். கென்னத் பவலும் இங்கிருந்து போனவர்தானே. இந்த மாநிலத்து விளையாட்டுத் துறையின் விடுதிகளில் சேர அவளுக்கு முழு உரிமை உண்டு. தேர்வு எப்போது, வயது எத்தனை, என்ன சான்றிதழ் வேண்டும் என்பதைக் கன்னடத்தில் வரும் அறிவிப்பைப் படித்துத் தமிழில் எழுதிப் பள்ளி வாசலிலும் ரயில் நிலையத்திலும் ஒட்டுவதை ஒரு சங்கமாவது செய்யட்டும். பட்டிமன்றத்துக்குச் செலவிடுவதில் பத்தில் ஒரு பங்கு போதும்.

கலப்புத் தொடர் ஓட்டம் இந்த ஊருக்குப் பொருந்தும் என்று சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. பெண்களுக்குத் தனியாகப் பந்தயம் வைத்தால் "இரண்டு பேர்தான் பெயர் கொடுத்தார்கள்" என்று ரத்து செய்துவிடுகிறார்கள். ஓர் அணிக்கு இரண்டு பெண் கட்டாயம் என்று வைத்துப் பாருங்கள். ராபர்ட்சன்பேட்டை அணி ஜெயிக்க வேண்டுமானால் ராபர்ட்சன்பேட்டைப் பையன்களே தெருத் தெருவாகப் போய் வேகமாக ஓடும் பெண்ணைத் தேடுவார்கள். அவளுடைய அப்பாவிடம் போய்க் கெஞ்சுவார்கள். தங்கையை மைதானத்துக்கு வராதே என்று விரட்டிய அண்ணன், அவளுக்கு விசில் அடித்துக் காலையில் பயிற்சி கொடுப்பான். அவள் ஓட்டம் அவனுக்குத் தேவைப்படும்போது மரியாதை தன்னால் வரும். உலக அளவில் இந்தப் போட்டி வந்த பிறகு பல நாடுகள் பெண் ஓட்டக்காரிகளைத் தேடத் தொடங்கியதும் இப்படியொரு கணக்கில்தான்.

இதற்குப் பெரிய செலவில்லை. 400 மீட்டர் செயற்கைப் பாதை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சுரங்கக் கம்பெனி காலத்திலிருந்து வந்த மைதானங்களில் சுண்ணாம்பால் கோடு போட்டால் 200 மீட்டர் வட்டம் கிடைக்கும். ஆளுக்கு ஒரு சுற்று ஓடட்டும். சின்னப் பிள்ளைகளுக்கு அரைச் சுற்று. பேட்டன் தடி வாங்கப் பெங்களூருக்குப் போக வேண்டியதில்லை. விதிப்படி அதன் நீளம் 28 முதல் 30 சென்டிமீட்டர், குறுக்களவு சுமார் 4 சென்டிமீட்டர், எடை 50 கிராமுக்குக் குறையக் கூடாது. உள்ளே ஓட்டையுள்ள வழவழப்பான குழாய். குழாய்க் கடையில் மிஞ்சிய துண்டைக் கேட்டு வாங்கி, முனையைத் தேய்த்து, வர்ணம் பூசினால் பழகுவதற்குப் போதும்.

பழக வேண்டியது தடி மாற்றும் இடத்தில்தான். கொடுப்பதும் வாங்குவதும் அதற்கெனக் கோடு போட்ட 20 மீட்டருக்குள் முடிய வேண்டும். 400 மீட்டர் ஓடி வருகிறவர் களைத்து, கண் இருண்டு வருவார். ஆகையால் வாங்குகிறவர் திரும்பிப் பார்த்து, வருகிறவரின் வேகத்தை மதிப்பிட்டுத் தானும் ஓடத் தொடங்கிக் கையை நீட்ட வேண்டும். முன்கூட்டியே கிளம்பினால் தடி எட்டாது. நின்றுகொண்டே வாங்கினால் ஒரு வினாடி போய்விடும். தடி கீழே விழுந்தால் கைதவறியவரே எடுக்க வேண்டும். பெரிய போட்டிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. முதல் சுற்று முழுவதும், இரண்டாவது சுற்றில் முதல் வளைவு முடியும் வரையும், அவரவர் பாதையிலேயே ஓட வேண்டும். ஹாங்சோவில் இலங்கை அணி இந்தியாவுக்கு முன்னால் இரண்டாவதாக வந்து, பாதை விதியை மீறியதற்காகப் பதக்கத்தை இழந்தது. மூன்றாவதாக வந்த இந்தியாவுக்கு வெள்ளி வந்தது அப்படித்தான். வேகம் இருந்தும், விதி தெரியாமல் பரிசை விடும் பிள்ளைகள் தாலுகா போட்டிகளிலும் உண்டு. உடற்பயிற்சி ஆசிரியர்கள் இதை ஒரு வாரத்தில் சொல்லித்தந்துவிடலாம். பல பள்ளிகளில் உடற்பயிற்சி வகுப்பைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்ளும் வழக்கம் மட்டும் நிற்க வேண்டும்.

பழைய ஓட்டக்காரர்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். சுரங்கக் கம்பெனி போட்டிகளில் ஓடியவர்கள், பி.இ.எம்.எல். அணிகளில் விளையாடியவர்கள், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள். காலையில் டீக்கடையில் பத்திரிகை படித்துக்கொண்டிருக்கும் அவர்களைக் கூப்பிட்டு, ஒரு விசிலையும் ஒரு கடிகாரத்தையும் கையில் கொடுத்தால் சந்தோஷமாக வருவார்கள். ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும். அன்றுதான் ரயிலுக்குப் போகும் அப்பாவும் அம்மாவும் வீட்டில் இருக்கிறார்கள், வந்து பார்க்கட்டும்.

நகரசபை செய்ய வேண்டியது இரண்டு. மைதானத்தைக் கல்யாணப் பந்தலுக்கும் பொருட்காட்சிக்கும் வாடகைக்கு விடும்போது குழி தோண்டினால் அதை மூடி ஒப்படைக்க வேண்டும் என்று நிபந்தனை போடட்டும். மைதானத்தோடு ஒட்டி, பூட்டும் விளக்கும் தண்ணீரும் உள்ள ஒரு பெண்கள் அறை கட்டட்டும். தசரா விளையாட்டுகளைத் தாலுகா அளவில் நடத்தும் அரசு அதிகாரிகள், பள்ளிகளுக்கு அனுப்பும் பட்டியலில் கலப்புத் தொடர் ஓட்டத்தையும் சேர்க்கட்டும். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 4×400 மட்டுமல்லாமல் 4×100 மீட்டர் கலப்பு ஓட்டமும் முதல் தடவையாக நடக்கப் போகிறது. 100 மீட்டர் நேர்கோட்டுக்கு இடமில்லாத மைதானம் தங்கவயலில் இல்லை.

பொங்கல் நோட்டீசு அச்சுக்குப் போகுமுன் விழாக் குழுவினர் கூடுவார்கள். எலுமிச்சம்பழம் இருந்த வரியை அடித்துவிட்டு, "4 பேர் தொடர் ஓட்டம், 2 ஆண், 2 பெண், கடைசிச் சுற்று பெண்" என்று எழுதினால் அச்சகத்துக்காரர் அதற்காகக் கூடுதலாகக் காசு கேட்கப் போவதில்லை.